பதினொன்றாம் கேள்வி

செவ்வாய்க்கிழமைகளில்
வின்னிபெக் நடுநகரம் ஏழு மணிக்கே கடையைக் கட்டிவிடும்.
மைனஸ் இருபத்தெட்டு.
பேருந்து நிறுத்தத்தில் ஒற்றைக் கையுறை மட்டும் காத்திருக்கும்,
யாரோ கம்பியில் மாட்டிவிட்டுப் போனது.
எங்கள் கதவைத் திறந்தால்தான்
எண்ணெயும் இரைச்சலும் முகத்தில் அறையும்.
கோழிச்சிறகு அரை விலை, வினாடி வினா இலவசம்.

நான் பரிமாறுகிறவள்.
கைக்கு மூன்று தட்டு, காதுக்குள் நாலு மேசையின் பாக்கி.
காப்பீட்டு அலுவலகத்து ஆறு பேருக்கும்
தனித்தனி பில் வேண்டும்.
சட்டம் படிக்கிற பிள்ளைகள்
ஒரு கூடை உருளை வறுவலை
மூன்று மணி நேரம் வாதாடித் தின்பார்கள்.
ஜன்னலோரம், நாலு பேர் உட்காரும் ஏழாம் மேசையில்
ஒற்றை ஆளாய் ரொமுலோ.
அணியின் பெயர் கேட்டால் "ரொமுலோ" என்பார்.
ஒரு தட்டு பெரோகி, ஒரு காப்பி,
எத்தனை முறை நிரப்பினாலும் ஒரே விலைக் காப்பி.
கோட்டுக்கு ஒரு நாற்காலி, தொப்பிக்கு ஒரு நாற்காலி.
எனக்குப் பற்றிக்கொண்டு வரும்:
மூன்று பேருடைய டிப்ஸ்
வெளியே குளிரில் நிற்கிற மாதிரி.

டெல்ஃபின் பகலில் பல் மருத்துவரின் வரவேற்பறை,
இரவில் மைக்.
அன்றும் வழக்கம்போல் பத்து:
எந்தக் கொடியில் மரம், ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்.
பிறகு தொண்டையைச் செருமினாள்.
"பதினொன்று. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.
எதிர்க் கட்டடத்தில்
இப்போது எத்தனை ஜன்னலில் வெளிச்சம்?"

யார் கேட்டார்கள்.
நாற்காலிகள் கிறீச்சிடக் கடையே எழுந்து
கண்ணாடியில் போய் மொய்த்தது.
மூச்சுப் பட்டு மங்க, சட்டைக் கையால் துடைக்க,
மறுபடி மங்க,
"முப்பத்தொன்று!"
"இல்லை, அந்தச் சிவப்பு நம்ம பீர் விளக்கு."
சமையற்கட்டிலிருந்து பொஹ்தான் இடுக்கியோடு வந்தான்.
இரண்டு பேர் கோட்டில்லாமல் நடைபாதைக்கு ஓடி
விரல் நீட்டி எண்ணினார்கள்,
எண்கள் வாயிலிருந்து புகையாய் வந்தன.
ஐந்து வருடமாக எதிரே நிற்கிற கட்டடம்.
எத்தனை மாடி என்றுகூட எனக்குத் தெரியாது.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே
ஒன்பதாவது மாடி அணைந்தது.
"ஏய்!" என்று மொத்தக் கடையும் கத்தியது,
நம் பக்கம் கோல் விழுந்ததுபோல.
கொஞ்சம் பொறுத்து எட்டாவது,
இடமிருந்து வலமாக,
அவசரமே இல்லாமல்.

எழுந்திருக்காதவர் ரொமுலோ ஒருவர்தான்.
காப்பி ஊற்றப் போனேன்.
தாளில் "ஒன்று" என்று எழுதி
அதன்மேல் பென்சிலைப் படுக்க வைத்திருந்தார்.
"இன்னும் இருபதாவது இருக்குமே" என்றேன்.
"தாள் வாங்கும்போது பாருங்க.
ஏழில் குப்பைக்கூடை அதிகம், பதினாறு நிமிஷம்.
ஐந்தில் ஒரு வக்கீல் வீட்டுக்கே போகமாட்டார்.
அவர் விளக்கை மட்டும் அவள் அணைக்க முடியாது."

அவள்.

டெல்ஃபின் கையிலிருந்த விடை இருபத்தாறு,
ஆறு மணிக்குக் கார் நிறுத்தும்போது எண்ணியது.
சட்டப் பிள்ளைகள் மேல்முறையீடு என்றார்கள்.
"இப்போது" என்றால் எப்போது என்று
அரை மணி நேரம் நடந்தது.
முடிந்தபோது எதிரே ஒரே ஒரு ஜன்னல்.
மதிப்பெண் யாருக்கு என்று
இன்றுவரை முடிவாகவில்லை.

பத்தேகாலுக்குக் கதவு திறந்தது.
லுஸ்விமிந்தா.
இமையில் பனி, கோட்டுக்குள்ளிருந்து ப்ளீச் வாசனை.
அவர் தொப்பியை மடிக்கு எடுத்துக்கொண்டார்.
கடை முழுக்கத் தன்னையே பார்ப்பதைப் பார்த்து
அவள் தன் சட்டையில் கறை தேடினாள்.
காப்பீட்டு மேசையில் ஒருத்தி மெல்லக் கேட்டாள்:
"ஏழாவது மாடியுமா?"
தலையசைப்பு வந்ததும்
தன் தட்டிலிருந்த எலும்புகளைத்
துடைதாளால் மூடினாள்.

"பெரோகி இருக்கா?"
பொஹ்தான் அணைத்த அடுப்பை
முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பற்றவைத்தான்.
ஏழாம் மேசையில் இப்போதும்
இரண்டு நாற்காலி காலிதான், கணக்குப்படி.

மேசை துடைக்கும்போது அண்ணாந்து பார்த்தேன்.
அந்த வக்கீல் இன்னும் போகவில்லை.
யாராவது அவரிடம் சொல்லக் கூடாதா,
சிறகு அரை விலை என்று.